இடது கையால் சிலுவை போடுகிறவர்கள்

பிரஷர் பார்க்கிற வேலையில் முதலில் ஏறுவது பாதரசம் அல்ல, பார்க்கிறவளுடைய ரத்தம்.

எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து எண்பதுகளில் பாதி தாண்டும் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசை முடிந்ததும், திருச்சியில் எங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும் ஞானோபதேச அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிரஷர் கருவி இவற்றோடு நான் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் கிடையாது. எங்கள் பங்கைச் சேர்ந்த டாக்டர் ரெஜினா தன்னுடைய பழைய கருவியைக் கொடுத்து, கையில் பட்டையைச் சுற்றவும், ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடிக்கவும், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவும் சொல்லிக்கொடுத்தார். பங்கில் இத்தனை பேர் இருக்க நான் ஏன் என்று கேட்டேன். "நீங்க யாருக்கும் பயப்பட மாட்டீங்க ஸ்டெல்லா. அதுபோக, மத்தவங்க உங்களுக்குப் பயப்படறாங்க" என்றார். கான்வென்ட்டில் படித்துவிட்டு, வீட்டைத் தவிர வேறு உத்தியோகம் பார்க்காமல் நாற்பதைத் தாண்டியவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

எதற்கு இந்த மேஜை என்று கேட்டவர்களைப் பூசையில் முன் பெஞ்சுகளைப் பார்க்கச் சொல்வேன். சிலுவையை வலது கையால்தான் போட வேண்டும் என்று சின்ன வயதில் சிஸ்டர்கள் எங்கள் இடது கையில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெஞ்சுகளிலோ இடது கையால் சிலுவை போடுகிறவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். வலது கை அவர்கள் மடியில் துணிமூட்டை மாதிரிக் கிடக்கும். ஒருவர் வாத்தியார், ஒருவர் பாத்திரக்கடைக்காரர், ஒருத்தி ஐந்து பிள்ளை பெற்றவள். எல்லோரைப் பற்றியும் ஊர் ஒரே பாட்டைத்தான் பாடும்: நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. திடீரென்று ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக ஏறிக்கொண்டிருந்த பிரஷரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் கையை நீட்ட மறுக்கிற ஒரு ஆள் இருப்பார். அவரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் வீட்டுக்காரர் கையை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீ முறைக்காம பாரு. இல்லைன்னா இருக்கறதைவிட இருபது கூடக் காட்டும்."

அம்மை குத்தின மாதிரி

முசிறிப் பக்கத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர், திருச்சியில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், மேஜையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோவிலுக்கு வருகிறவர் இல்லை. நெற்றியில் திருநீறு இருந்தது. ரத்தக் கொதிப்புக்கு மதம் கிடையாது என்பதால் நானும் பட்டையைச் சுற்றினேன். பாதரசம் ஏறின ஏற்றத்தைப் பார்த்து எனக்குத்தான் வியர்த்தது. அவர் கண்ணை மூடிச் சுகமாக உட்கார்ந்திருந்தார். பட்டையை அவிழ்த்ததும் கையை உதறிவிட்டு, "கட்டி அவுத்ததும் ஒடம்பே லேசா ஆயிடுச்சு தாயி, அந்தக் கைக்கும் கட்டி விட்டுடுங்க" என்றார்.

இது வைத்தியம் இல்லை, அளந்து பார்ப்பதுதான் என்று விளக்கினேன். டாக்டரிடம் போக வேண்டும், தினமும் மாத்திரை போட வேண்டும், அடுத்த மாதம் வந்து மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அடுத்த மாதம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு வியாபாரி தன்னை ஏய்க்கப் பார்க்கிறான் என்று கண்டுகொண்ட விவசாயியின் முகம் அது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அம்மைக்கு ஒரு தடவை குத்தினா ஆயுசுக்கும் போதும்ங்கறாங்க. இதை மட்டும் மாசா மாசம் கட்டணும்னா, குறை எங்கிட்ட இல்லம்மா, உங்க மருந்துலதான் இருக்கு."

பை பிடித்தவள்

என் மேஜைக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தவர் ஒருவர் உண்டென்றால் அது சவரிமுத்து அண்ணன். என் வீட்டுக்காரருடைய அக்கா பிலோமினாவின் கணவர். அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். தனக்கு பிரஷர் இருப்பதை ஒரு பதவி உயர்வு மாதிரி எல்லோரிடமும் அறிவித்தவர். பூசை முடிந்து ஃபாதர் பீடத்தை விட்டு இறங்குவதற்குள் என் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் பிலோ அண்ணி நிற்பாள். தோளில் ஒரு பை. அதில் அவருடைய குடை, கண்ணாடிக் கூடு, பாட்டுப் புத்தகம், தண்ணீர், அவருடைய உறையூர்ச் சுருட்டு எல்லாம் இருக்கும். அவளுடைய பொருள் என்று அந்தப் பையில் ஒரு கைக்குட்டைகூட இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அவள்மீதுதான் கண். அவளுடைய அம்மா, அதாவது என் மாமியார், இழுத்துக்கொண்டு இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போனவர். ஒரு சித்தியும் அப்படியே. பிலோ அண்ணிக்கோ காலையில் எழுந்தால் பிடரி வலி. மாடிப்படி ஏறினால் முகம் குங்குமமாகச் சிவக்கும். அந்தக் கையை ஒரே ஒரு தடவை என் மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்டேன். "அண்ணி, நீங்களும் ஒரு நிமிஷம் உக்காருங்க." அவள் என்னைப் பார்க்க மாட்டாள், அவரைப் பார்ப்பாள். அவர் நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார்: "அவளுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கா. எனக்கு இன்னொரு தடவை பாரு, முதல்ல காத்து சரியா அடிக்கலை."

சாம்பல் புறா

லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதுகூட ஆகாதவர். மேஜைக்கு ஒரு முறை வந்தார். அளவு அதிகம் என்று சொல்லி டாக்டர் ரெஜினாவிடம் போகச் சொன்னேன். போகவில்லை. ஒரு நாள் காலை குளித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து சொம்பு விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் போகிற தூரம்தான். வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, லால்குடிக்கும் அப்பால் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் ரத்தத்தை விழுந்த பக்கத்தில் தேய்த்துவிட்டால் கைகால் எழுந்துவிடுமாம். டாக்ஸி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்தாராம், இங்கேதான் நிறுத்தச் சொல்வார்கள் என்று. "நேரா விடு" என்றார்களாம்.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் கொண்டுவந்தார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. நான் பார்க்கப் போனபோது சட்டையில் இன்னும் ரத்தக் கறை இருந்தது. அது அவருடையது அல்ல. இத்தனை படித்த குடும்பம், அண்ணன் பேங்க் உத்தியோகம், இப்படிச் செய்வீர்களா என்று அந்த அண்ணனைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து, மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: "தப்பு எங்க மேலதாங்க. வெள்ளைப் புறாதான் வேணும்னு சொன்னாங்க, அவசரத்துல சாம்பல் புறாதான் கிடைச்சுது."

ஏகாதசியன்று மாவு ஆகாது

மாதத்தில் ஒரு நாள் டாக்டர் ரெஜினா ஸ்ரீரங்கத்தில் தன்னுடன் படித்த ஒரு டாக்டரின் வீட்டில் நோயாளிகளைப் பார்ப்பார். கருவியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அங்கே வருகிற ஒரு மாமியை எனக்கு மிகவும் பிடிக்கும். என்னைவிடக் கூர்மையான நாக்கு. பெயரைக் கேட்டதும், "ஸ்டெல்லான்னா நட்சத்திரமோன்னோ" என்றவர். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ஆனாலும் அளவு இறங்க மாட்டேன் என்கிறது. ஒரு நாள் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. ஏகாதசியன்று போடுவதில்லை. மறுநாள் துவாதசியன்று விரதம் முடிக்கிற பாரணை அவசரத்தில் ஞாபகம் இருப்பதில்லை. அதற்கடுத்த நாள், இரண்டு நாள் போடாமலே நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடுவார். ஏகாதசியன்று ஏன் போடுவதில்லை? "எங்காத்து மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியிலே இருக்கார். மாத்திரையைக் கெட்டிப்படுத்தறதுக்கு மாவு சேர்க்கறாளாமே. ஏகாதசியிலே தான்யம் ஆகாதேடிம்மா."

அது ஒரு சிட்டிகைகூட இல்லை மாமி என்றேன். சிட்டிகையோ படியோ, விரதம் விரதம்தான் என்றார். வாதம் செய்ய எனக்கும் வரும், ஆனால் அந்த மாமியிடம் எடுபடவில்லை. சரி, உப்பையாவது குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். குறைத்துவிட்டேனே, தளிகையில் பாதி உப்புதான் என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். கோவில் புளியோதரை. வாயில் போட்டதும் காதுவரை உப்பு ஏறியது. தினமுமா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "அது பெருமாள் அமுது செஞ்சதுடி. அந்த உப்பு ரத்தத்திலே ஒட்டாது."

யார் கொடுமை பண்ணினது

ஆண்களுக்கு வந்தால் அது பிரஷர். பெண்களுக்கு வந்தால் அதற்குப் பெயர் கோபம். தலை வலிக்கிறது, படபடக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், "வாயைக் குறை, சரியாப் போயிடும்" என்று வைத்தியம் சொல்ல எங்கள் பங்கில் ஆள் பஞ்சமே இல்லை. என் வாயைப் பற்றியும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. என் பிரஷர் சரியாக இருக்கிறது. உள்ளே வைத்துக்கொண்டால்தானே ஏறும் என்று அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அது டாக்டர் சொன்ன காரணம் இல்லை, என் சொந்தக் காரணம்.

ஒரு ஞாயிறு, கல்யாணமாகிச் சில வருஷமே ஆன ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கூடவே மாமியார். அந்த வயதுக்கு வரக்கூடாத அளவு காட்டியது. ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னேன், டாக்டரிடம் காட்டுங்கள் என்று. மாமியார் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பட்டையைத் தானே பிடுங்கி அவிழ்த்தார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருதயம் எப்படி, கிட்னி எப்படி, அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு கேள்வி இல்லை. அந்த அம்மாளுக்கு இருந்த ஒரே விசாரத்தை அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு பிரஷர் வர்ற அளவுக்கு நாங்க யாரும் கொடுமை பண்ணலைங்க. வேணும்னா தெருவுல விசாரிச்சுக்குங்க."

உப்பில்லாத மிச்சம்

பிலோ அண்ணி என் மேஜைக்கு வராததால் மேஜை அவளிடம் போயிற்று. சவரிமுத்து அண்ணன் சீட்டாடப் போகிற ஒரு புதன்கிழமை மத்தியானம், கருவியைக் கூடையில் வைத்து மேலே கீரைக்கட்டைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறைத் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு, காலையில் வைத்த குழம்பு, ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், இந்தப் பக்கம் சுட்ட கருவாடு, மடியில் அப்பளம். யாருக்கு விருந்து அண்ணி என்று கேட்டேன். விருந்தும் இல்லை மண்ணும் இல்லை. டாக்டர் சொன்னபடி அவருக்கு உப்பில்லாமல் சமைக்கிறாள். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்து எழுந்துவிடுவார். மிச்சத்தைக் கொட்ட மனசு வராது. உப்பில்லாததை அப்படியே விழுங்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு கவளத்துக்கும் ஊறுகாயும் கருவாடும். அவருடைய பத்தியம் அவருக்கு உதவியதோ இல்லையோ, அவர் விட்ட உப்பையும் சேர்த்து இவள்தான் தின்றுகொண்டிருந்தாள்.

கையைப் பிடித்து இழுத்துப் பட்டையைச் சுற்றினேன். "விடுடி, எச்சில் கை" என்றாள். அது அந்தக் கை, இது இந்தக் கை என்றேன். பாதரசம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கணவருக்கு ஒரு நாளும் அவ்வளவு ஏறியதில்லை. சாயங்காலம் அவர் திரும்புவதற்குள் டாக்டர் ரெஜினாவை அழைத்துவந்து காட்டி, மாத்திரை வாங்கிக் கையில் கொடுத்து, இதை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் உங்கள் அம்மா மாதிரி ஆகிவிடும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். ஏன் அங்கே என்றேன். "அவருகிட்ட சொல்லிடாத ஸ்டெல்லா. என்னைப் பத்தின கவலையில அவருக்கு பிரஷர் ஏறிடும்."

ஒருசந்தி

மாத்திரை போட ஆரம்பித்ததும் பிடரி வலி விட்டது. முகச் சிவப்பும் குறைந்தது. நான் புதன்கிழமைகளில் கீரைக்கட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அளவு இறங்கியிருந்தது. ஊறுகாயையும் நானே எடுத்து வந்துவிட்டேன். சவரிமுத்து அண்ணன் மிச்சம் வைக்காமல் தின்னவாவது செய்யட்டும் என்று குழம்பில் புளியும் மிளகும் தூக்கலாகப் போடச் சொன்னேன். அந்த மட்டில் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. அதற்குமேல் என் அம்மா படுத்துவிட்டதால் தஞ்சாவூருக்குப் போய்விட்டு, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் திரும்பினேன். மறுநாள் கையில் ஓலையோடு சவரிமுத்து அண்ணன் முதல் ஆளாக நாற்காலியில் இருந்தார். தனக்கு பிரஷர் என்பதால் ஒருசந்தி இருக்க வேண்டாம் என்று ஃபாதரிடம் விலக்கு வாங்கியிருந்தார். பிரியமானது எதையாவது விட வேண்டுமே என்பதற்காக வெற்றிலையை விட்டிருந்தார். அவர் வெற்றிலை போட்டு நான் பார்த்ததே இல்லை. சுருட்டு பைக்குள் பத்திரமாக இருந்தது. அவருக்கும் சேர்த்து ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தவள் பின்னால் நின்றாள். முகம் பழையபடி குங்குமமாக இருந்தது.

தனியாக இழுத்துக்கொண்டு போய், மாத்திரை போடறீங்களா அண்ணி என்று கேட்டேன். அரிசிப் பானைக்குப் பின்னால் மாத்திரை வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. ஃபாதரிடமே இழுத்துப் போனேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மருந்தை விடுவது தவமே இல்லை, இன்றைக்கே போட வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். சரி சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். வெளியே வந்ததும், ஸ்ரீரங்கத்து மாமிகூட மூன்று நாள்தானே விட்டார் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்துச் சமாதானமாகச் சொன்னாள்: "அந்த மாத்திரை போட்டா எனக்குத் தலைவலி நின்னுடுது. ஆண்டவர் பட்ட பாட்டுக்கு எனக்கு மட்டும் என்ன சுகம்னுதான் விட்டேன். இன்னும் ஒரு வாரம்தானே, ஈஸ்டரன்னிக்குப் போட்டுடறேன்."

பெரிய வெள்ளி

ஈஸ்டர் வரை போகவில்லை. பெரிய வெள்ளி மத்தியானம், சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய எல்லோரும் வரிசையில் நின்றோம். வெயில், கூட்டம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத ஜனங்கள். எனக்கு இரண்டு ஆளுக்கு முன்னால் சவரிமுத்து அண்ணன், அவருக்குப் பின்னால் பையோடு அவள். திடீரென்று பை கீழே விழுந்தது. கண்ணாடிக் கூடு உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. தன் வலது கையையே, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் கணவர் திரும்பிப் பார்த்து, பாத்துப் பிடிக்கத் தெரியாதா, கண்ணாடி உடைஞ்சிருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் என்மேல் சாய்ந்தாள்.

சுற்றி நின்றவர்களில் ஒரு அம்மாள் புறா என்று வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். சிலுவைக்கு முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றும் என் வாயிலிருந்து வந்ததாகப் பிறகு சொன்னார்கள், இருக்கலாம். டாக்ஸி ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. டாக்டர் ரெஜினா கூடவே இருந்தார். ராத்திரி ஆவதற்குள், உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலது பக்கம் வராது, வாய் குழறும், பார்க்கலாம் என்றார்கள்.

வெளியே வராந்தா பெஞ்சில் சவரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் பை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். அவருடைய கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குள்ளே ஏதோ இளகியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இனிமே எனக்கு உப்பில்லாம யாரும்மா சமைச்சுப் போடுவா?"

நாற்காலி

பிலோ அண்ணி பிழைத்தாள். நடக்கவும் ஆரம்பித்தாள், காலை ஒரு அரை வட்டம் போட்டு இழுத்து இழுத்து. மாத்திரை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. சவரிமுத்து அண்ணன் சமையல் கற்றுக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். தன் தங்கச்சி மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, முன் பெஞ்சில் அவள் இடது கையால் சிலுவை போடுவதைப் பார்த்தேன். நெற்றி, நெஞ்சு என்று சரியாகப் போய், எந்தத் தோள் முதலில் என்று கை ஒரு கணம் தடுமாறியது. பூசை முடியும் வரை அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

ஞானோபதேச அறையில் கருவியைத் திறந்து நிமிர்ந்தால், வழக்கம்போல் அண்ணன் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், கம்பை இடது கையில் ஊன்றி, பையை அதே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அவள். நான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு என் நாக்கில் இருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தால் அந்த அறையில் இன்னும் இரண்டு பேருக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு அவசியம் வரவில்லை. பிலோ அண்ணி கம்பால் நாற்காலிக் காலை ஒரு தட்டுத் தட்டினாள். "எந்திரிங்க" என்றாள். வாய் குழறினாலும் அந்த ஒரு சொல் தெளிவாக இருந்தது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். எழுந்தார்.

அவள் கம்பை மேஜையில் சாய்த்துவிட்டு, உட்கார்ந்து, மூச்சு வாங்கினாள். மேஜைமேல் இடது கையை நீட்டினாள். பட்டையைச் சுற்றவிடாமல் மணிக்கட்டில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கழற்றப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை அவர் பக்கமாக உயர்த்தினாள். "பையைப் பிடிங்க."

பிரஷர் பார்த்த இத்தனை வருஷத்தில் நான் கற்றது, எங்கள் ஊரில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் முதலில் அவள் உடம்பில் பாதி விழ வேண்டியிருக்கிறது என்பதுதான்.